வாசலோடு நிற்கட்டும் ஆபீஸ்

கீழ்வேளூரில் என் எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர். திருவாரூரில் உத்தியோகம். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எந்த ஆபீஸாக இருந்தாலும் கதை இதுதான். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேடிலியப்பர் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருவார். ஒரு தோளில் சாப்பாட்டுப் பை. இன்னொரு தோளில் லாப்டாப். கையில் ஒரு காகிதக் கட்டு. அந்தக் கட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"என்ன ஸார், இன்றைக்கும் சுமையா?" என்றேன் ஒரு நாள்.

"என்ன பண்ணுவது ஸார்? ஆபீஸில் முடியவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம்" என்றார். குரலில் அலுப்பு இருந்தது. அலுப்புக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. என் சண்டை அந்தப் பெருமையோடுதான்.

ஏன் முடியவில்லை? அவர் சோம்பேறி அல்ல. அவர் பிரிவில் மூன்று நாற்காலிகள், இரண்டு காலி. மூன்று பேர் வேலையை ஒருவரே வீட்டு விளக்கில் முடித்துக் கொடுத்துவிட்டால், மேலிடத்தின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தானே தெரியும்? காலி நாற்காலி காலியாகவே இருக்கும். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சியில் குரூப் 4 பரீட்சைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் அங்கேயே உட்கார்ந்திருப்பான். ஸார் சுமந்து வருவது தம்முடைய வேலையை அல்ல. அந்தப் பிள்ளையின் உத்தியோகத்தை.

"அந்தக் காலத்தில் கர்ணம் வீட்டிலேயே கணக்குப் பார்க்கவில்லையா?" என்று சிலர் மடக்குகிறார்கள். பார்த்தார். சிட்டாவும் அடங்கலும் அவர் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. அதனால் என்ன ஆயிற்று? ஒரு நகல் வேண்டுமென்றால் குடியானவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டியிருந்தது. 1980-இல் கர்ணம் பதவியே ஒழிந்தது. அதற்காகக் கண்ணீர் விட்ட குடியானவனை நான் பார்த்ததில்லை. வீடும் கச்சேரியும் ஒன்றானால் வீட்டுக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

இந்தத் தஞ்சைச் சீமையில் பண்ணையாளுக்குப் பொழுது என்று ஒன்று சொந்தமாக இருந்ததில்லை. பண்ணை கூப்பிட்டால் எந்த நேரமானாலும் போக வேண்டும். செங்கொடி பிடித்து, அடிபட்டு, 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரை அவர்கள் வந்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் தீயில் போனது கூலிப் போராட்டத்தின் நடுவில்தான். உழைப்புக்கு ஓர் அளவும் ஒரு விலையும் கேட்டவர்கள் பட்ட பாடு இது. சென்னையில் சிங்காரவேலர் 1923-இல் மே தினம் கொண்டாடியதும் இந்த அளவைக் கேட்டுத்தான்.

ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் நிறைவேறியபோது கொதித்தோம். மே தினத்தன்றே வாபஸ் அறிவிப்பு வந்தது. பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 முதலும், வேலை நேரம் கழிந்தபின் ஆபீஸ் அழைப்புக்குத் தள்ளி நிற்கச் சட்டமே இடம் தருகிறது. நாமோ யாரும் கேட்காமலே கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். படிக்காத ஜனங்கள் ரத்தம் சிந்திப் போட்ட வரப்பைப் படித்தவர்கள் நாளுக்கு ஒரு சாண் வெட்டிக் கொடுக்கிறோம்!

ஆபத்துக் காலம் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, மின்சார ஊழியர்கள் இரவென்றும் பகலென்றும் பாராமல் கம்பம் நட்டார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் புயல் தினமும் அடிப்பதில்லை. தினமும் அடித்தால் அதற்குப் பெயர் புயல் அல்ல, நிர்வாகக் கோளாறு.

இதையெல்லாம் சொல்ல உனக்கென்ன யோக்கியதை என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் குமாஸ்தா, கட்டுச் சுமந்தவன். ஒரு ராத்திரி அப்பா என் மேஜைப் பக்கம் வந்து, "ஒரு விஷயம் சொல்லணும்டா" என்றார். "இந்தப் பக்கம் முடியட்டும்பா" என்றேன். நான் நிமிர்ந்தபோது அவர் திண்ணையில் தூங்கிப் போயிருந்தார். காலையில் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை, போ" என்று விட்டார். அவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் சொல்ல வந்தது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று நான் கூட்டி முடித்த கணக்கு என்ன என்பதும் நினைவில்லை.

மேட்டூர் அணையையே வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். மூடினால்தான் வாய்க்காலில் தூர் வார முடியும். காவேரிக்கே கதவு உண்டு. குமாஸ்தாவுக்கு இருக்கக் கூடாதா?

ஆகையால், எதிர்வீட்டு ஸார், நாளைக்குக் கட்டை மேஜை மேலேயே விட்டுவிட்டு வாருங்கள். 'இது ஓர் ஆள் வேலை அல்ல' என்று மேலிடத்துக்கு ஒரு காகிதம் எழுதுங்கள். அந்த ஒரு காகிதத்தை மட்டும் வேண்டுமானால் வீட்டில் உட்கார்ந்து எழுதலாம்.