துளை சிறியது, கேள்வி பெரியது

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஒருவருக்கு இடுப்பில் தொடங்கும் வலி மின்சாரம் போலக் கால்வரை பாய்ந்தால், அடுத்த பஸ் பெரும்பாலும் பெங்களூருக்குத்தான். மூளை, நரம்பு மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளுக்கும் பஞ்சமில்லை. 'முதுகில் கத்தி வைத்தால் எழுந்து நடக்க முடியாது' என்று ஊரில் சொல்லிவந்த பயம் இப்போது குறைந்துவிட்டது. அதன் இடத்தில் வேறொரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது: 'சின்ன ஓட்டை, மறுநாளே வீடு.' முதலாவது தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போட வைத்தது. இரண்டாவது தேவையில்லாத ஆபரேஷனுக்கு அவசரப்பட வைக்கக்கூடும்.

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க், ஏறக்குறைய கொழுக்கட்டை மாதிரி. வெளியே உறுதியான வளையம், உள்ளே கூழ். வளையம் விரிசல் விட்டால் பூரணம் பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்துகிறது. வலி காலில், கோளாறு முதுகில். இதை பாஸ்டன் டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் தெளிவாக விளக்கிய பிறகே, பிதுங்கிய துண்டை அகற்றும் அறுவை சிகிச்சை பரவியது. 1977-இல் நுண்ணோக்கி நுழைந்தது, வெட்டு சுருங்கியது. 1997-இல் அமெரிக்கர்களான ஃபோலியும் ஸ்மித்தும் குழாய் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார்கள். தசையை எலும்பிலிருந்து உரிக்காமல், ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களைச் செருகித் தசைநார்களை விலக்கி வழி உண்டாக்குவதுதான் இதன் சூட்சுமம். இன்னும் மெல்லிய எண்டோஸ்கோப் முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கீறல் போதும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே முடித்துவிடலாம்.

வெட்டு சிறியதானால் பலன் பெரிதாகுமா? நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான நுண்ணோக்கி முறையில் ஓராண்டுக்குப் பின் நன்கு குணமானதாகச் சொன்னவர்கள் 100-க்கு 79 பேர். குழாய் முறையில் 69 பேர்தான். 2022-இல் அதே நாட்டில் 613 பேரிடம் நடந்த ஆய்வில் எண்டோஸ்கோப் முறை எந்த வகையிலும் சளைத்ததல்ல என்று தெரிந்தது. ஆக, கருவியைவிட அதைப் பிடிக்கும் கையின் அனுபவத்தை விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

அதற்கும் முந்தைய கேள்வி, ஆபரேஷன் வேண்டுமா என்பது. கடுமையான கால்வலியால் 6 முதல் 12 வாரங்கள் அவதிப்பட்ட 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சை, மற்றதற்கு மருந்தும் காத்திருப்பும் என்று முடிவு செய்த நெதர்லாந்து ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 100-க்கு 95 பேர் தேறிவிட்டார்கள். உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது: பாதிப்பேர் 4 வாரத்தில் தேறினார்கள், காத்திருந்தவர்களில் பாதிப்பேர் தேற 12 வாரம் ஆனது. ஆனால் காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர்தான் கடைசியில் மேஜைக்குப் போனார்கள். பிதுங்கிய துண்டை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவது உண்டு. தினக்கூலிக்காரருக்கு அந்த இரண்டு மாத வித்தியாசம் பெரிய விஷயம். அவர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. அதைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து மிரளவும் வேண்டாம். முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் புடைத்திருந்தது. படமும் வலியும் ஒரே நரம்பைச் சுட்டிக்காட்டினால்தான் கத்திக்கு வேலை. கால் வலிக்காமல் இடுப்பு மட்டும் வலிப்பவருக்கு இந்த ஆபரேஷனால் கிடைப்பது குறைவு.

காத்திருக்கவே கூடாத சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலஜலம் கட்டுப்பாடின்றிப் போவது, தொடையிடுக்கில் உணர்வு மரத்துப்போவது ஆகியவை முதுகெலும்பின் அடியிலுள்ள குதிரைவால் நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகள். பாதம் தொங்கிப்போய் பலம் நாளுக்கு நாள் குறைந்தாலும் ஆபத்துதான். அப்போது சிறிய துளையா, பெரிய வெட்டா என்று விசாரிக்க நேரமில்லை. தாமதமானால் நரம்பு திரும்பாமலே போகலாம்.

மற்றவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. பஸ் ஏறுமுன் டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளலாம்: என் வலிக்குக் காரணம் இந்த டிஸ்க்தானா? ஆறு வாரம் பொறுத்தால் என்ன ஆகும்? இந்த முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நல்ல டாக்டர் மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.