நித்திய ராஜாவும் நிச்சய மோட்சமும்

கிறிஸ்து நித்திய ராஜா என்றும், அவருடைய ராஜ்யத்துக்கு முடிவே இல்லை என்றும், அவரை நம்பினவனுக்கு இரட்சிப்பு நிச்சயம் என்றும் பாதிரிமார் பிரசங்கிக்கிறார்கள். கத்தோலிக்கர் இதற்கென்றே வருஷந்தோறும் நவம்பர் மாதக் கடைசி வாக்கில் கிறிஸ்து அரசர் திருநாள் நடத்துகிறார்கள். ராமனுடைய ராஜ்யத்தின் யோக்கியதையையும் கிருஷ்ணனுடைய லீலைகளின் யோக்கியதையையும் விசாரித்த நாம், இந்த ராஜாவை மாத்திரம் விசாரியாமல் விட்டுவிடுவது நடுநிலைமை ஆகாது. ஆதலால் பெரம்பலூர், அரியலூர்ச் சீமைத் தோழர்கள் தங்கள் கண்ணெதிரில் இருப்பவற்றையே சாட்சியாக வைத்து யோசித்துப் பார்க்கும்படி சிலவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, இந்தத் திருநாள் எப்பொழுது ஏற்பட்டது? கிறிஸ்து காலத்திலா? இல்லை. 1925-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி பதினோராம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் உத்தரவு போட்டு உண்டாக்கினார். அப்போது ஐரோப்பாவில் ருஷ்ய ஜார், ஜெர்மன் கெய்சர், ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஆகிய கிரீடங்களெல்லாம் உருண்டு போயிருந்தன. போப்பின் சொந்த ராஜ்யமோ 1870-லேயே பறிபோய்விட்டது. பூமியில் ராஜாக்கள் தொலைந்த சமயம் பார்த்து ஆகாயத்தில் ஒரு ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் செய்தார்கள். அரசாங்கங்களும் இந்த ராஜாவுக்கு வணக்கம் செலுத்த வேண்டும் என்பதும், அரசியலிலிருந்து மதத்தைப் பிரிப்பது இக்காலத்துக் கொள்ளைநோய் என்பதும் அவ்வுத்தரவின் கருத்து. இதற்கும் நம் ஊர்ப் பார்ப்பனர் பேசும் தர்ம ராஜ்யத்துக்கும் என்ன வித்தியாசம்? பட்டாபிஷேகமாகி 14 வருஷத்துக்குள், 1939-ல், அந்த ராஜாவின் பிரஜைகளே ஒருவரையொருவர் கோடிக்கணக்கில் கொன்று தீர்த்தார்கள். ராஜா என்ன செய்தார்?

இரண்டாவது, ராஜா என்றால் பொறுப்பு வேண்டாமா? 1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி அரியலூருக்கு அருகில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் அரிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். செத்தவர்களில் விபூதி பூசினவனும் இருந்திருப்பான், நாமம் போட்டவனும் இருந்திருப்பான், சிலுவை அணிந்தவனும் இருந்திருப்பான். வெள்ளம் யாருடைய கழுத்தையும் பார்த்து விலகவில்லை. டில்லியிலிருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, மழையைத் தாம் பெய்விக்கவில்லையாயினும், பொறுப்பு தம்முடையது என்று ராஜினாமா செய்தார். மழைக்கும் ஆற்றுக்கும் உயிருக்கும் அதிபதி என்று சொல்லப்படுகிற நித்திய ராஜா மாத்திரம் ராஜினாமா செய்யவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. மனித மந்திரிக்கு இருந்த ரோஷம்கூட இல்லாத ராஜாவை எதற்காக வணங்குவது?

மூன்றாவது, நித்தியம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. சுமார் 60 அடி நீளம். 1940-ல் பூகர்ப்ப சாஸ்திரி எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளிப்படுத்தினார். வயது பத்துக் கோடி வருஷத்துக்கு மேல் என்கிறார்கள். அரியலூரில் சிமெண்டுக்காகத் தோண்டுகிற சுண்ணாம்புக்கல் முழுவதும் பழைய கடலின் அடித்தரை. கிளிஞ்சலும் நத்தையும் அதிலே படிந்து கிடக்கின்றன. பாதிரியோ, உலகம் கிறிஸ்துவுக்கு 4004 வருஷத்துக்கு முன்பு உண்டாயிற்று என்று அஷர் என்ற அத்தியட்சர் போட்ட கணக்கை வெகுகாலம் பைபிளின் ஓரத்திலேயே அச்சடித்து விற்றான். கோடிக்கணக்கான வருஷங்கள் மனிதனே இல்லாத பூமியில் இந்த ராஜா யாரை ஆண்டார்? நத்தைகளையா? போகட்டும், தம் முன்னே நின்றவர்களில் சிலர் சாவதற்குள்ளேயே தமது ராஜ்யம் வரும் என்று அவர் சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். நின்றவர்கள் செத்து 1900 வருஷத்துக்கு மேலாயிற்று. தவணை மட்டும் மாறிக்கொண்டே வருகிறது.

நிற்க, இரட்சிப்பின் நிச்சயத்துக்கு வருவோம். 1442-ல் கூடிய பிளாரென்ஸ் சங்கம், கத்தோலிக்க சபைக்கு வெளியே இருப்பவன் எவனுக்கும் இரட்சிப்பு இல்லை, நரகமே என்றது. 1964-ல் கூடிய வாத்திக்கான் சங்கம், சபையை அறியாதவனும் நல்ல மனதோடு நடந்தால் கடைத்தேறலாம் என்றது. நடுவில் 500 வருஷமாகச் செத்தவர்களின் கதி என்ன? நரகத்திலிருந்து அவர்களை மாற்றிவிட்டார்களா? மேலும், தான் மோட்சம் சேருவது நிச்சயம் என்று விசுவாசத்தினால் மார்தட்டுவது வீண் நம்பிக்கை என்று 1547-ல் திரெந்து சங்கம் தீர்மானித்தது. புராட்டஸ்டண்டுக்காரனோ அந்த நிச்சயம்தான் விசுவாசம் என்கிறான். அரியலூர்ச் சீமை ஏலாக்குறிச்சியில் கோவில் கட்டின வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிகளைக் கண்டித்துப் புஸ்தகம் புஸ்தகமாக எழுதினார். அவர் தமிழுக்குச் செய்த தொண்டை நாம் மறுக்கவில்லை. சதுரகராதி தந்தவருக்கு நன்றி உண்டு. ஆனால் ஒரே ராஜாவின் இரண்டு ஏஜெண்டுகள், எதிரியின் டிக்கெட்டு செல்லாது என்று ஸ்டேஷனிலேயே சண்டையிட்டால், பிரயாணி எந்த டிக்கெட்டை நம்புவது? போய்த் திரும்பி வந்து சொன்னவன் ஒருவனும் இல்லாத ஊருக்கு நிச்சயம் ஏது?

இவையெல்லாம் வெறும் வேதாந்தச் சண்டையாக இருந்தால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். இந்த நிச்சயத்தை நம்பி மோசம் போனவன் யார்? சேரியில் இருந்தவன். இந்து மதம் மிதித்த மிதி தாளாமல், இங்கேயாவது மனிதனாகலாம் என்று போனான். அவனை நாம் குறை சொல்ல மாட்டோம். பாதிரி வைத்த பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அவனுக்குப் பிரயோஜனப்பட்டதையும் மறைக்க மாட்டோம். ஆனால் ராஜாவின் சன்னிதியில் அவனுக்குக் கிடைத்தது என்ன? பல ஊர்களில் தனி இடம், தனிச் சுடுகாடு. 2008 மார்ச்சில் எறையூரில், சமத்துவம் கேட்ட ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் கலகம் நேர்ந்து, போலீசார் சுட்டு இருவர் செத்தார்கள். இரு கட்சியும் ஒரே ராஜாவின் பிரஜைகள்! துறையூர்ப் பக்கம் கோட்டப்பாளையத்தில் மாதா கோவில் காரியங்களில் தங்களைச் சேர்ப்பதில்லை என்று அச்சமூகத்தார் செய்த வழக்கு, 2025 பிப்ரவரியில் டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. நித்திய ராஜாவின் கோர்ட்டில் நியாயம் கிடைத்திருந்தால் மனிதர் கோர்ட்டுக்கு ஏன் போகவேண்டும்? சர்க்காரும் தன் பங்குக்கு, 1950-ம் வருஷத்து உத்தரவின்படி, மதம் மாறினவனைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கு வெளியே தள்ளிற்று. 1956-ல் சீக்கியனையும் 1990-ல் பவுத்தனையும் சேர்த்துக்கொண்டபோதும் கிறிஸ்தவனைச் சேர்க்கவில்லை. சாதி இழிவு மாறாமல் உடன் வந்தது. சலுகை மாத்திரம் நின்றுவிட்டது.

இதைக் கண்டு இந்து மதத்துக்காரர்கள் கைதட்ட வேண்டியதில்லை. சாதியைக் கிறிஸ்துவின் கோவிலுக்குள் கொண்டுபோன சரக்கு மூட்டை உங்களுடையதே. மூட்டையை இறக்கிவிட்டு வா என்று சொல்லத் துணிவில்லாத பாதிரியின் குற்றம் வேறு. மூட்டை கட்டினவன் குற்றம் வேறு. நாம் இரண்டையும் கண்டிக்கிறோம்.

தோழர்களே! இந்தச் சீமையில் ஜமீன்தார்களின் ராஜரிகம் 1948-ம் வருஷத்துச் சட்டத்தோடு முடிந்தது. கண்ணால் கண்ட ராஜாவே வேண்டாம் என்று தள்ளின நீங்கள், காணாத ராஜாவுக்குக் குடிக்கூலி கட்டுவானேன்? செத்தபின் கிடைக்கும் மோட்சத்துக்கு ஜாமீன் கேட்பதை விட்டு, உயிரோடிருக்கும்போதே ஒரே பந்தி, ஒரே தெரு, ஒரே சுடுகாடு கேளுங்கள். கோவில் கமிட்டியில் இடம் கேளுங்கள். மறுத்தால் கோவிலுக்குக் கொடுக்கும் காணிக்கையைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள். படித்தவனை எந்தப் பாதிரியும், எந்தப் பார்ப்பனனும் வெகுகாலம் மிதித்து வைத்திருக்க முடியாது. நமக்குத் தெரிந்த நிச்சயமான இரட்சிப்பு அது ஒன்றுதான்.