வாக்கு கொடுத்தது நான், வரி போட்டது நானா?

இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2025 செப்டம்பர் கடைசியில், என்னிடம் தொழில் கற்றுக்கொண்ட பையன் முகம் வாடி வந்தான். கே.கே. நகரில் ஒரு புது வீட்டுக்கு வயரிங் பேசியிருந்தான். "ஜிஎஸ்டியைக் குறைச்சுட்டாங்களே, கொட்டேஷன்ல பத்து பர்சன்ட் கழிங்கன்னு நிக்கிறாருண்ணே" என்றான். செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கும் ஏசிக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உண்மை. ஆனால் வயர், சுவிட்ச், பிளக் எல்லாம் 2017 நவம்பரிலிருந்தே 18தான். குறையாத வரியை எப்படிக் குறைப்பது? இதைச் சொன்னதற்கு, "நீங்க எல்லாருமே இப்படித்தான்" என்று பதில் வந்ததாம். சொன்னவர் கல்லூரிப் பேராசிரியர்.

திருச்சியில் முப்பத்தெட்டு வருடம் இதே வேலையைச் செய்துவிட்டு ஓய்ந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். வரி ஏறினால் "சொன்ன சொல் சொன்னதுதான்" என்கிறீர்கள். இறங்கினால், அல்லது இறங்கியதாகக் காதில் விழுந்தாலே, "உடனே குறை" என்கிறீர்கள். இது என்ன நியாயம்?

என் கதையைச் சொல்கிறேன். 2017 ஜூனில் ஒரு வீட்டுக்குப் பொருள், கூலி எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய் என்று ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தேன். ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. வயருக்கும் சுவிட்சுக்கும் 28 சதவீதம். அதே கடை, அதே லிஸ்ட், ஆனால் பில்லில் 8,400 ரூபாய் கூடுதல். வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். "வாக்குன்னா ஒண்ணுதானேப்பா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதே தொகைக்கு முடித்துக் கொடுத்தேன்.

என் கைக்காசைப் போட்டு வாக்கைக் காப்பாற்றியதாகப் பல வருடம் பெருமை பேசியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. அந்தத் தீபாவளிக்கு என் உதவியாட்கள் இரண்டு பேருக்கும் போனஸைப் பாதியாக்கினேன். என் வாக்குக்கு விலை கொடுத்தது அவர்கள்.

நவம்பர் 15 அன்று வரி 18 ஆக இறங்கியது. மறுநாளே இன்னொரு வாடிக்கையாளர் போன் செய்து மொத்தத் தொகையில் பத்து சதவீதம் கழிக்கச் சொன்னார். கணக்கைப் பாருங்கள். வரிக்கு முன் 10,000 ரூபாய் வயர், 28 சதவீதத்தில் 12,800. 18 சதவீதத்தில் 11,800. குறைவது ஆயிரம் ரூபாய். 12,800க்கு அது எட்டு சதவீதம்கூட இல்லை. அவர் வீட்டுக்கான வயரையோ நான் பழைய வரியில் வாங்கி வைத்துவிட்டேன். கூலிக்கு நான் வரியே போடவில்லை. அதில் எதைக் கழிப்பது?

என் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்ததால் நான் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை. பதிவு செய்தவர், கடையில் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது போனது போனதுதான். நாங்கள் வரியைச் சுருட்டிக்கொள்வதாக நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

வரியைச் சாக்காக வைத்து விலையை ஏற்றுகிறவர்கள் எங்கள் தொழிலில் இல்லையா? இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையில் மூட்டை கட்டி எழுதும் பழக்கம்தான் அவர்களுக்கும் வசதி, உங்கள் சந்தேகத்துக்கும் காரணம். நானும் அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

தொழில் செய்யும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். பொருள், கூலி, வரி மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பொருள் விலை 15 நாளுக்கு மட்டும் என்று எழுதுங்கள். தாமிரம் விலை ஏறினால் வயர் விலையும் ஏறும். "பொருள் வாங்கும் நாளில் உள்ள வரி, ஏறினாலும் இறங்கினாலும் வீட்டுக்காரருக்கே" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கடை பில்லையும் காட்டுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வேலை முடிந்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் ஆகிய மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்த வரி விகிதம்தான் பொருந்தும். பில்லைத் தள்ளிப் போடாதீர்கள்.

பையனுக்கு இப்படி ஒரு கொட்டேஷன் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பேராசிரியர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. பத்து சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்ற வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆள் எதில் குறைத்தார் என்று எனக்குத் தெரியாது. 2.5 ஸ்கொயர் வயர் போக வேண்டிய இடத்தில் 1.5 போயிருந்தால், சுவர் பூசிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?