ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பசிக்கும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. குமரி மாவட்டத்தின் இராஜாக்கமங்கலம் துறையிலும் பக்கத்துப் பெரியகாட்டிலும் அதே மாதம்தான் கடல் கொந்தளிக்கத் தொடங்குகிறது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. வள்ளக்காரர்களுக்கு அரசு தடை போடவில்லை. ஆனியும் ஆடியும் போட்டுவிடுகின்றன. பை, செருப்பு, நோட்டு என்று செலவு நெருக்குகிற நேரத்தில் வரும்படி நின்றுபோகிறது. அப்படிப்பட்ட வீட்டில் முதலில் சுருங்குவது காலைச் சாப்பாடு. ஒரு கட்டன்சாயாவைக் குடித்துவிட்டுப் பிள்ளை கிளம்பிவிடும்.

இந்தக் கரைக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆடி மாதத்தில் இங்கே வந்து பார்த்தால் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. ஆனால் குமரியில் அது எல்லாப் பிள்ளைகளையும் எட்டவில்லை. இங்கே தேவாலயங்களை ஒட்டிய அரசு உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். அவற்றில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகள் 2024 ஜூலை 15 வரை காத்திருந்தார்கள். நகரத்துப் பிள்ளைகள் 2025 ஆகஸ்ட் வரை. தாமதம்தான் என்றாலும் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்று பிரித்த அந்தக் கோடு அழிந்ததில் மகிழ்ச்சி.

இன்னொரு கோடு அழியாமல் கிடக்கிறது. காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். நடுநிலைப் பள்ளி ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புத் தம்பிக்குத் தட்டில் உப்புமாவும் சாம்பாரும் விழுகின்றன. ஆறாம் வகுப்பு அக்காவுக்கு இல்லை. இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே வெறும் வயிற்றோடு வந்தவர்கள்.

உண்மையில் அந்த அக்காவுக்குத்தான் தேவை கூடுதல். பத்து, பதினொரு வயதில் உடம்பு விறுவிறுவென்று வளர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்குகிற பருவம். இரும்புச்சத்து கரைகிற பருவம். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அது 57.4 சதவீதம். முந்தைய ஆய்வில் 50.7 ஆக இருந்தது. சிசு மரணத்தை நாட்டிலேயே வெகுவாகக் குறைத்துக் காட்டிய மாநிலத்துக்கு இந்த ஏற்றம் பொறுக்கக்கூடியதல்ல.

அரசு சும்மா இருக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறது. குடற்புழு மாத்திரை கொடுக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பரிசோதிக்கிறது. எல்லாம் நல்லவை. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால்தான் சாப்பிட்ட பிறகு கொடுக்கச் சொல்கிறார்கள். வாரம் ஒரு மாத்திரை, ஐந்து நாள் காலைச் சாப்பாட்டின் இடத்தை நிரப்பாது.

மதிய உணவின் வரலாறே நமக்கு வழி காட்டுகிறது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமே. இரண்டே ஆண்டுகளில், 1984இல், அது பத்தாம் வகுப்பு வரை போனது. பணம் எங்கே என்ற கேள்வி அன்றைக்கும் எழுந்தது. ஆனால் காலை உணவு தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

ஒரேயடியாக எல்லாப் பள்ளிக்கும் முடியாது என்றால் நடுநிலைப் பள்ளிகளிலிருந்து தொடங்கலாம். அங்கே அடுப்பு எரிகிறது, பாத்திரம் இருக்கிறது, சமைக்கிற மகளிர் குழுப் பெண்கள் இருக்கிறார்கள். கூடுதலாக வேண்டியது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கான அரிசி, ரவை, பருப்பு, காய்கறி, சமைப்பவர்களுக்கு அதற்கேற்ற ஊதியம். அதிலும் இராஜாக்கமங்கலம் போன்ற கடலோர ஒன்றியங்களை முதல் வரிசையில் வைக்க வேண்டும். நிதிநிலை அறிக்கையில் அறிவித்துவிட்டு ஆகஸ்டில் விழா எடுத்துத் தொடங்குவது இந்தக் கரைக்கு உதவாது. பள்ளி திறக்கிற ஜூன் முதல் நாளிலேயே தட்டு வைக்க வேண்டும்.