ரிமோட்டில் கம்ப்யூட்டரைக் கொடுக்கிறீர்களா? மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்!

மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. மாதாமாதம் தாக்கல் செய்யும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இந்த இரண்டு தேதிகளும் மனப்பாடம். கடைசி நேரத்தில் டேலி மக்கர் செய்தால், ஆடிட்டர் ஆபீஸிலிருந்து "எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க" என்பார்கள். நம்பரைச் சொல்லி 'அக்செப்ட்' கொடுத்தால் வேலை நடந்துவிடும். ஆனால் அந்த ஒரு கிளிக்கில் எதையெல்லாம் ஒப்படைக்கிறோம்?

பார்ப்பது வேறு, இயக்குவது வேறு

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகளில் திரையைப் பார்ப்பது ஓர் அனுமதி. கீபோர்டு, மவுஸை இயக்குவது இன்னோர் அனுமதி. ஃபைல் எடுப்பதற்கும் தனி அனுமதி உண்டு. எனிடெஸ்க்கில் அக்செப்ட் கொடுக்கும் சின்ன விண்டோவிலேயே இவை வரிசையாக இருக்கும். கீபோர்டு, மவுஸ் அனுமதியை அணைத்துவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் பார்க்கலாம், தொட முடியாது. இணைப்பு நடந்துகொண்டிருக்கும்போதும் அணைக்கலாம். விண்டோஸில் உள்ள குயிக் அசிஸ்ட்டிலும் கட்டுப்பாட்டை அவர் தனியாகக் கேட்க வேண்டும், நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

உங்கள் மவுஸ் திடீரென நின்றால்?

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் கை வைத்தால் கர்சர் இங்கும் அங்கும் ஓடும். அதைத் தவிர்க்க, உங்கள் பக்கத்து கீபோர்டு, மவுஸை முடக்கவும், திரையைக் கருப்பாக்கவும் இந்தச் செயலிகளில் வசதி இருக்கிறது. நல்லவர் கையில் இது உதவி. மோசடிக்காரர் கையில் கிடைத்தால், உங்கள் கண்ணுக்குத் தெரியாமலேயே வேலை நடக்கும்.

முன்கூட்டிச் சொல்லாமல் மவுஸ் நின்றாலோ, திரை கருத்தாலோ யோசிக்கவே வேண்டாம். லேன் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபை என்றால் ரவுட்டரை அணையுங்கள். நெட் போனால் அவர் பிடியும் போய்விடும்.

எனிடெஸ்க் மூலம் நடக்கும் யுபிஐ மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. அப்போது மோசடிக்காரர்கள் கேட்டதும் அதே 9 இலக்க நம்பரைத்தான்.

டோக்கனைக் கழற்றியாச்சா?

கம்பெனி, எல்எல்பி என்றால் ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து தேவை. அது பென் டிரைவ் மாதிரியான டோக்கனில் இருக்கும். டோக்கன் செருகியே இருந்து, அதன் பின் நம்பரும் தெரிந்திருந்தால், மவுஸைப் பிடித்திருப்பவர் எங்கிருந்தும் உங்கள் பெயரில் கையெழுத்துப் போடலாம்.

கூப்பிட்டவர் ஆடிட்டர் ஆபீஸ்தானா என்று, உங்களிடம் உள்ள நம்பரில் திருப்பிக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். பேங்க் பக்கம், ஓடிபி வரும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஆள் இல்லாதபோதும் உள்ளே வர வைத்துள்ள நிரந்தர பாஸ்வேர்டு தேவையில்லை என்றால் நீக்குங்கள். கணக்கர் வேலையை விட்டுப் போனால் அன்றே மாற்றுங்கள்.

பணம் போய்விட்டால்?

உடனே பேங்குக்குச் சொல்லி, 1930-க்கு கூப்பிடுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், புகார் சொல்லும் வரையிலான இழப்பு அவருடையது, அதற்குப் பிறகு போவது வங்கியுடையது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் போடும் ஊரில், வெள்ளிக்கிழமை காலியாகும் கணக்கு முதலாளி ஒருவரின் பிரச்சினையோடு நிற்காது.