விரதத்தால் வருமா வயிற்றுப் புண்?

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. விடியுமுன்பே ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசலைக் காணக் கூட்டம் அலைமோதும். பட்டினி இருந்த சிலருக்கு நெஞ்சுக்குழியில் எரிச்சல் கிளம்பும். "விரதம் இருந்து இருந்து அல்சர் வந்துவிட்டது" என்பார்கள் வீட்டில் உள்ளவர்கள்.

அது தவறு.

உணவைச் செரிக்க வயிற்றில் கடுமையான அமிலம் சுரக்கிறது. அது வயிற்றையே அரித்துவிடாதபடி உட்புறத்தில் வழுவழுப்பான படலம் ஒன்று காவல் நிற்கிறது. அந்தக் காவல் கெட்டால் புண் வரும். சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண் பெரும்பாலும் வெறும் வயிற்றில் வலிக்கும். சாப்பிட்டால் சற்று அடங்கும். அதனால்தான் பழி பசியின் மேல் விழுந்தது. பசி புண்ணைக் காட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்! காரக் குழம்பும் காப்பியும் அப்படியே. எரிச்சலைக் கூட்டும், புண்ணை உண்டாக்குவதில்லை.

பாமரர் மட்டுமா ஏமாந்தார்கள்? பெரிய டாக்டர்களும் சோற்றுப் பானையில்தான் காரணத்தைத் தேடினார்கள். 1960-களில் டாக்டர் மல்கோத்ரா ரெயில்வே ஊழியர்களை ஆராய்ந்தார். கோதுமை உண்ணும் வடக்கைவிட அரிசி உண்ணும் தெற்கில் இந்தப் புண் அதிகம் என்று கண்டார். ரொட்டியை நன்றாக மென்று தின்பதால் உமிழ்நீர் ஊறிக் காப்பாற்றுகிறது என்பது அவர் கருத்து. பொன்மலை ரெயில்வே பட்டறையில் வேலை செய்து, தூக்குச் சட்டிச் சோற்றை அவசரமாக விழுங்கிய தொழிலாளிக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும்.

முக்கிய எதிரி பிறகுதான் அகப்பட்டது. அது ஒரு கிருமி! பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரு டாக்டர்கள் அதைக் கண்டுபிடித்தனர். உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தி, வயிற்றில் அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றுகிறது. எச்சில், அசுத்தமான தண்ணீர், கழுவாத கை ஆகியவை அதற்கு வழி. கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வருவதில்லை. புகையிலை சேர்ந்தால் ஆபத்து கூடும்; வந்த புண்ணும் எளிதில் ஆறாது. சுருட்டுக்குப் பேர்போன திருச்சி இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி மருந்துக் கடையில் இருக்கிறது. மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். ஏறி இறங்கிய பாட்டிக்கு மூட்டு வலி. பேரன் கடைக்கு ஓடி டைக்ளோபினாக் அல்லது புரூபன் மாத்திரை வாங்கி வருகிறான். ஆஸ்பிரினும் இதே இனம்தான். இவை ரத்தத்தில் கலந்து வயிற்றின் காவலைக் குறைக்கின்றன. சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாகப் போட்டாலும் ஆபத்து உண்டு. "முன்பு வயிற்றுப் புண் இருந்ததா?" என்று கேட்காமல் இவற்றை விற்கும் கடைக்காரர் செய்வது வியாபாரம் அல்ல, விபரீதம்! ஆனால் இருதய நோய்க்கு டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கிருமி இருக்கிறதா என்பதை மூச்சு, மலம் அல்லது எண்டோஸ்கோப்பி சோதனை காட்டிவிடும். இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. வலி நின்றதும் பாதியில் விட்டால் கிருமி தப்பிவிடும்.

மலம் தார்போல் கறுத்துப் போனாலும், வாந்தி காப்பித் தூள்போல் வந்தாலும் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்று கஷாயமும் வேண்டாம், கடை மாத்திரையும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.