கம்பெனி மாறினால் இழப்பீடு போய்விடுமா?

கேள்வி: சம்பா நெல்லுக்கு இந்த ஆண்டு வேறு கம்பெனி பெயரில் ரசீது தருகிறார்கள். போன ஆண்டு இழப்பீடு இன்னும் வரவில்லை. பழைய கம்பெனி நொடித்துவிட்டதா?
- மேலூர் வட்டார வாசகர்

பதில்: அப்படிப் பயப்பட வேண்டாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் எந்த மாவட்டத்துக்கு எந்த நிறுவனம் என்பதை மாநில அரசு டெண்டர் வைத்து முடிவு செய்கிறது. டெண்டர் காலம் முடிந்தால் கம்பெனி மாறலாம். 2019 வாக்கில் ஐசிஐசிஐ லம்பார்டு போன்ற சில தனியார் நிறுவனங்கள் பயிர்க் காப்பீட்டிலிருந்து விலகின, நொடித்துப் போகவில்லை. எந்தப் பருவத்துக்கு எந்தக் கம்பெனியோ, அந்தப் பருவ இழப்பீடு அதன் பொறுப்பு.

கம்பெனியின் பலத்துக்கு அளவுகோல் 'சால்வென்சி விகிதம்'. அது 1.5-க்குக் குறையக் கூடாது என்பது ஐஆர்டிஏஐ விதி. நேஷனல், ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா மூன்றும் இதில் சறுக்கியபோது, 2019-20 முதல் மூன்று ஆண்டுகளில் மத்திய அரசு 17,450 கோடி ரூபாய் மூலதனம் போட்டுத் தாங்கியது.

இழப்பீடு இழுபடுவது பெரும்பாலும் அறுவடைப் பரிசோதனைக் கணக்கு, அரசின் மானியப் பங்கு இவை தாமதமாவதால்தான்.

என் கவலை வேறு. பயிர்க் காப்பீடு மோட்டார் பாலிசி போலப் புதுப்பிப்பது அல்ல. பருவந்தோறும் புதிதாகப் பதிய வேண்டும். "போன வருஷமே கட்டிட்டேனே சார்" என்று அறுவடைக்குப் பிறகு வந்து நிற்பவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. சங்கத்தில் கடன் வாங்கியிருந்தாலும் பிரீமியம் பிடித்தார்களா என்று கேளுங்கள். சம்பாவுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ரசீதில் சர்வே எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பழைய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள விண்ணப்ப எண்ணைச் சொல்லி 14447-இல் கேட்கலாம். அல்லது மேலூர் வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள்.